எட்டடி தடிமனான சுவர்

"உதவி வரைவாளர் (தற்காலிகம்). மேசைப் பணி மட்டும். உயரம் ஏறவும் நெடுந்தூரம் நடக்கவும் உடல்தகுதி அற்றவர். தனிக்கருத்து தெரிவிக்கும் அதிகாரம் இல்லை."

நகராட்சிக் கட்டடப் பிரிவின் பணிப் பதிவேட்டில் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்மணியைப் பற்றி இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. எழுதி இருபத்தாறு வருடம் ஆகிறது. மருத்துவச் சோதனைக்குப் போன அன்று படியில் கால் பிசகி நொண்டிக்கொண்டு போனார். டாக்டர் பார்த்ததை எழுதினார். கால் பத்து நாளில் சரியாகிவிட்டது. பதிவேடு இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறது.

உண்மையில் அந்த அலுவலகத்திலிருந்து வெளியே போய்ச் சுவர் ஏறி, ஓடு மிதித்து, சாக்கடை தாண்டி அளந்துவிட்டு வருகிறவர் அவர் ஒருவர்தான். பொறியாளருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. தூசி ஒத்துக்கொள்ளாத ஒருவர் எதற்காகக் கட்டடம் படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் அவர் தும்ம ஆரம்பித்துவிடுவார். எனவே வரைவாளர் அளப்பார், வரைவார். பொறியாளர் கையெழுத்துப் போடுவார். வரைவாளர் கைப்பையில் சாப்பாடு இல்லாமல்கூட வருவார், ஸ்டீல் டேப் இல்லாமல் வரமாட்டார் என்பதால் அவருக்கு டேப்பக்கா என்று பெயர். அவரைவிடப் பத்து வயது மூத்த காவலாளியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

டேப்பக்காவின் நேர்மையைப் பற்றி ஒரு கதை உண்டு. மூன்று வருடத்துக்கு முன், அவர் குடியிருக்கும் மாடி அறையின் ஒரே ஜன்னலை மறைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பக் கிளம்பினார். ஒரு ஜன்னல் வழியாக இருபது வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தால், அந்த வெளிச்சத்தின் மேல் வீட்டில் இருப்பவருக்கு உரிமை வந்துவிடும் என்பது சட்டம். அந்த ஜன்னல் வைத்துப் பதினெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தச் சுவருக்கு அனுமதி கேட்ட வரைபடத்தில் பதினெட்டு என்று எழுதியது டேப்பக்காவேதான். சுவர் எழும்பியது. அன்றிலிருந்து வீட்டில் பகலிலும் விளக்கு எரிகிறது.

"ஊருலயே சொந்த ஜன்னலுக்குத் தூக்குத் தண்டனை எழுதினவ நீ ஒருத்திதான்" என்பார் பஸ் கண்டக்டரான அவர் கணவர். "இருபதுன்னு எழுதினா கை வெந்துடுமா?"

"பதினெட்டு பதினெட்டுதான்."

"அப்ப இந்த இருட்டுல சட்டைக்கு நீயே பட்டன் தைச்சுக் குடு. எனக்கு ஊசிக் கண்ணு தெரியல."

டேப்பக்காவுக்கும் தெரியவில்லை. சொல்லவில்லை. அதற்குப் பிறகு, மூட வேண்டிய ஜன்னல் எதுவாக இருந்தாலும், வரைவதற்கு முன் அதன் எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவார்.

இந்தச் சமயத்தில்தான் ஒரே கூரை வீடுகளின் வழக்கு அவர் மேசைக்கு வந்தது.

தெருக்கோடியில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் இரண்டு வீடுகள். ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்தது. அண்ணனும் தம்பியும் முப்பத்தொரு வருடத்துக்கு முன் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இருவரும் இப்போது உயிரோடு இல்லை. வலது பாதியில் அண்ணன் மகன், மருந்துக்கடை வைத்திருக்கிறார். இடது பாதியில் தம்பி மகள், கணக்கு டீச்சர். பாகம் பிரிந்த நாளிலிருந்து ஒருவர் வீட்டு வாசற்படியை இன்னொருவர் மிதித்ததில்லை. தகப்பன்மார் விட்டுப்போனவற்றில் இருவரும் சேதாரமில்லாமல் காப்பாற்றி வருவது அந்தக் கோபம் ஒன்றைத்தான்.

மருந்துக்கடைக்காரரின் மனு: பொதுச் சுவரில் எதிர்த்தரப்பு ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து எங்கள் உள்ளறையை எட்டிப் பார்க்கிறது. தாழ்ப்பாள் அவர்கள் பக்கம் இருக்கிறது.

டீச்சரின் மனு: பொதுச் சுவரில் எதிர்த்தரப்பு ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து எங்கள் உள்ளறையை எட்டிப் பார்க்கிறது. தாழ்ப்பாள் அவர்கள் பக்கம் இருக்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அந்த ஜன்னலுக்கு இரண்டு வெளிப்பக்கம் உண்டு, உட்பக்கம் கிடையாது என்றாகிறது. ஒன்பது வருட வழக்கில் இதை ஒரு வக்கீலும் கேட்கவில்லை. அவரவர் அவரவர் மனுவை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் ஒற்றுமை. அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து மூடிவிட வேண்டும். சுவர் யாருடையது, மூடும் உரிமை யாருக்கு என்பதுதான் சண்டை. நகராட்சி அளந்து வரைபடம் தரட்டும், வந்த அன்றே சுவருக்கு உரியவர் மூடிக்கொள்ளலாம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். இரண்டு வீட்டு வாசலிலும் செங்கல் அடுக்கித் தயாராக இருந்தது. டேப்பக்கா எப்படி வரைந்தாலும் ஜன்னல் போய்விடும். யார் செங்கல் என்பது மட்டுமே பாக்கி.

அவர் போய் இறங்கியது நல்ல வெயில் நேரம். முதலில் வெளியே, தெருவிலிருந்து முழு முகப்பையும் அளந்தார். ஐம்பதடி. வலது பக்கம் நீலச் சுண்ணாம்பு, இடது பக்கம் வெள்ளை. நடுவில் ஓர் அகலமான பட்டை எந்த நிறமும் அடிக்காமல், காரை உதிர்ந்து கிடந்தது.

"இதை ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

"அது அவங்களோடது" என்றார் மருந்துக்கடைக்காரரின் மனைவி. "அடிக்கத் துப்பில்ல."

உள்ளே கூட்டிப்போனார். அறையின் அகலம் இருபதடி நாலு அங்குலம். ஜன்னல் பழைய மரம், பச்சைப் பெயிண்ட். கம்பி இல்லை. இரண்டு கதவும் சாத்தியிருந்தாலும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அதன் பின்னால் இருட்டு.

"நாங்க வீட்டுல இருக்கறப்ப இப்படித்தான் இருக்கும். வெளிய போயிட்டு வந்து பாத்தா இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும். ஒரு தடவை பீரோவை இழுத்து முன்னாடி வெச்சேன். அன்னிக்கெல்லாம் அந்தப் பக்கம் பெருமூச்சு விடற சத்தம். எனக்குத் தாங்கல, நகத்திட்டேன்."

"யாரு பெருமூச்சு?"

"யாரு, அந்த டீச்சரம்மாதான். இல்லன்னா அத்தையா இருக்கும்."

"எந்த அத்தை?"

"எங்க மாமனாருக்கும் அவர் தம்பிக்கும் ஒரு தங்கச்சி. கல்யாணம் ஆகல. பாகம் பிரிச்சப்ப அந்தப் பக்கம் போயிட்டாங்க. அதுக்கப்புறம் இந்த வீட்டுல அவங்க பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டார் மாமனார். இப்ப இருக்காங்களோ, இல்லையோ. அவங்க சொன்னாத்தானே தெரியும்."

முன்சுவரிலிருந்து ஜன்னலின் நடுப்புள்ளிவரை ஏழடி இரண்டு அங்குலம். டேப்பக்கா எழுதிக்கொண்டார்.

அடுத்தது டீச்சர் வீடு. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுப்பு எழுதிவிட்டுக் காத்திருந்தார் டீச்சர். அறையின் அகலம் இருபதடி ஓர் அங்குலம். ஜன்னல் பழைய மரம்.

பழுப்புப் பெயிண்ட்.

சரி, அவரவர் பக்கத்துக்கு அவரவர் நிறம் என்று டேப்பக்கா சமாதானம் செய்துகொண்டார். முன்சுவரிலிருந்து ஜன்னலின் நடுப்புள்ளிவரை அளந்தார். பதினோரடி ஆறு அங்குலம்.

மறுபடி அளந்தார். பதினோரடி ஆறு அங்குலம்.

ஒரு ஜன்னல் ஒரு பக்கம் ஏழடியிலும் மறுபக்கம் பதினோரடியிலும் இருக்க முடியாது. குழப்பமாக இருந்தால் கூட்டிக் கழித்துப் பார்ப்பது அவர் வழக்கம். நோட்டை முழங்காலில் வைத்துக் கணக்குப் போட்டார். இரண்டு அறையும் சேர்த்து நாற்பதடி ஐந்து அங்குலம். இரு ஓரத்துச் சுவர்களும் சேர்ந்து ஒன்றரையடி. மொத்தம் நாற்பத்தோரடி பதினோரு அங்குலம். வெளியே ஐம்பதடி. மிச்சம் எட்டடி ஓர் அங்குலம்.

ஒன்பது அங்குலம் இருக்க வேண்டிய பொதுச் சுவர், எட்டடி தடிமனாக இருந்தது.

"டீச்சர், உங்களுக்கு ஒரு அத்தை இருந்தாங்களாமே?"

"ஆமா. பெரியப்பா பக்கம் போயிட்டாங்க. எனக்கு அப்ப எட்டு வயசு. தலை பின்னி விடுவாங்க. அப்பா கடைசி வரைக்கும் மன்னிக்கல." டீச்சர் ஜன்னலைப் பார்க்காமல் பேசினார். "அங்க எப்படி வெச்சிருக்காங்களோ. கேக்கவா முடியும்? இருங்க, டீ போட்டுட்டு வரேன்."

தனியாக நின்ற டேப்பக்கா நோட்டை மறுபடி புரட்டினார். ஒரே வாக்கியத்தை இரண்டு வீட்டிலும் கேட்டாயிற்று. அத்தை அங்கே. அத்தை இங்கே. எட்டடி.

அவர் பேய்க்குப் பயப்படுகிறவர் இல்லை. கணக்கு உதைத்தால்தான் பயப்படுவார். டேப்பை எடுத்து, அந்த இரண்டு விரல் இடைவெளிக்குள் முனையை விட்டுத் தள்ளினார். ஒன்பது அங்குலத்தில் எதிலும் முட்டவில்லை. ஒன்றரையடி. இரண்டடி. மூன்றடி. பிடிமானமில்லாத ஸ்டீல் டேப் அதற்கு மேல் வளைந்து தொங்க ஆரம்பிக்கும். அதன் கனம் மணிக்கட்டில் தெரியும். தெரிந்தது. நாலடி.

நாலடியில் அந்தக் கனம் போய்விட்டது.

டேப் தொங்கவில்லை. நேராக நின்றது. யாரோ அந்த முனையைக் கையில் வாங்கியிருந்தார்கள்.

டேப்பக்கா இழுக்கவில்லை. அவரால் விரலை அசைக்க முடியவில்லை. அவர் கைக்குள்ளிருந்து டேப் தானாக, நிதானமாக, உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஐந்தடி. ஆறு. ஏழு. ஏழடி நாலு அங்குலத்தில் நின்றது. அங்கே சுவரில் சரியாகப் பொருத்திப் பிடிக்கப்பட்டு, தளர்வில்லாமல் விறைத்தது. இருபத்தாறு வருடத்தில் முனை பிடித்த எந்த உதவியாளரும் அவ்வளவு ஒழுங்காகப் பிடித்ததில்லை. கை நடுங்காத ஒருவர். அளக்கத் தெரிந்த ஒருவர்.

பழக்கதோஷத்தில் அளவைப் படித்தார். பிறகு, அதே பழக்கதோஷத்தில், "போதும், விடலாம்" என்று மெல்லச் சொன்னார்.

முனை விடப்பட்டது. டேப் சுருண்டு வந்து சேர்ந்தபோது அதன் கொக்கியில் வெள்ளை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

டீயைக் குடித்தார். என்ன குடித்தோம் என்று தெரியவில்லை. "முகமெல்லாம் வேர்த்திருக்கே" என்றார் டீச்சர். "வெயில்" என்றார் டேப்பக்கா. பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அளவு முடியாமல் எதையும் சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை. அன்றைக்கு அது வசதியாகவும் இருந்தது.

வீட்டின் பின்புறம் ஒரு சந்து. குப்பைத்தொட்டிகள், உடைந்த நாற்காலி ஒன்று. இரு வீட்டுக் கொல்லைச் சுவர்களுக்கும் நடுவே, இடுப்பைவிடக் கொஞ்சம் மட்டுமே உயரமான, விறகு உள்ளே தள்ளப் பயன்பட்ட பழைய கதவு. கீல்களில் எண்ணெய் போட்டிருந்தது. தட்டக் கையை ஓங்கியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தலையைப் பாத்து வா. நிலை தாழ்வு."

குனிந்து நுழைந்தார். ஆறடி ஏழு அங்குல அகலத்தில், நீளமான, அப்பழுக்கில்லாத ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு தண்ணீர்க் குடம். மடித்து அடுக்கிய வெள்ளைத் துணிகள். இரண்டு பக்கமும் ஜன்னல், இரண்டிலும் தாழ்ப்பாள். இடது ஜன்னல் இடைவெளியில் விழுந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு முக்காலி. அதன் மேல் ஒல்லியான ஒரு முதியவள், மடியில் துணியும் கையில் ஊசியுமாக.

"மெல்லப் பேசு" என்றாள். "ரெண்டு பக்கமும் காது இருக்கு."

"நீங்க... அத்தையா?"

"உனக்கு எப்படி அத்தை ஆவேன்? உக்காரு."

ஆஸ்பத்திரி விரிப்புகளின் கிழிசலைக் கையால் தைத்துக்கொடுப்பது அவள் தொழில். அதிகாலையில் போய் வாங்கி வருவாள், மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பாள். மெஷின் சத்தம் போடும், ஊசி போடாது. முப்பத்தொரு வருடமாக ஒரு பாத்திரத்தையும் தரையில் வைத்து ஓசை கேட்டதில்லை என்று சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் கர்வம் தெரிந்தது.

"எப்படி இது... ஏன் இங்க?"

"பாகம் பிரிச்ச அன்னிக்குப் பெரியவன் என்கூடத்தான் இருக்கணும்னான். சின்னவன் என்கூடத்தான்னான். நான் என் ரூம்ல இருக்கேன்டான்னேன். ரெண்டு பேருக்கும் ரோஷம். சின்னவன் பக்கம் சாஞ்சுட்டேன்னு பெரியவன் தன் பக்கத்துக் கதவைச் செங்கல் வெச்சு அடைச்சான். பெரியவன் பக்கம் சாஞ்சுட்டேன்னு சின்னவன் தன் பக்கத்துக் கதவை அடைச்சான். எதிர்க்கதவு திறந்திருக்குன்னு ரெண்டு பேரும் நெனச்சுட்டாங்க."

"நீங்க கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிடலாம்னுதான் இருந்தேன். முதல்ல கோவம். அப்புறம் பழகிப்போச்சு." ஊசியை விரிப்பில் குத்தி வைத்தாள். "அத்தை அந்தப் பக்கம் நல்லா இருக்கான்னு ரெண்டு வீட்டுலயும் ஒரு நிம்மதி. அதை ஏன் கெடுக்கணும்? வாரத்துக்கு ஒரு தடவை பெரியவன் மகன் கடையிலதான் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கறேன். 'பாட்டி, மூடியை நல்லா மூடி வைங்க'ம்பான். என் அண்ணன் மூக்கு அப்படியே."

முதியவள் தொடர்ந்து பேசினாள், தாழ்ந்த குரலில், வெகுநாள் சேர்த்து வைத்திருந்தவள் போல. வழக்கு அவளுக்கு அத்துப்படி. வக்கீல்கள் வந்து பேசுவதை எல்லாம் இரண்டு பக்கமும் கேட்ட ஒரே ஆள் அவள்தான். டீச்சருடைய வக்கீல் கெட்டிக்காரர். மருந்துக்கடைக்காரரின் வக்கீல் தேதியை மறந்துவிடுவார். டீச்சர் தூக்கத்தில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிறாள். மருந்துக்கடைக்காரர் மூச்சு போன மாசத்திலிருந்து சரியில்லை, நடுவில் நின்று நின்று வருகிறது.

"இந்தச் சுவர்ல தலை வெச்சுத்தான் படுக்கறான். ஒன்பது இஞ்ச் தள்ளி நான். மூச்சு நின்னா விரலால ஒரு தட்டு தட்டுவேன். திரும்பிப் படுத்துப்பான்."

சொல்லிக்கொண்டே, சுவரில் கைவைத்த இடத்தைக் காட்டினாள். காரை அங்கே மட்டும் தேய்ந்து, ஓர் உள்ளங்கை அளவுக்குப் பளபளவென்று இருந்தது. டேப்பக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"மதியத்துல ரெண்டு வீடும் காலியா இருக்கும். அப்ப ஜன்னலை நல்லாத் திறப்பேன். பன்னெண்டுலேந்து மூணு மணி வரைக்கும்தான் எனக்குப் பகல். செங்கல் வெச்சுட்டா அதுவும் போச்சு. இருட்டுல தைக்க வராது. தைக்கலன்னா..." முடிக்காமல் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்தாள். ஓசையில்லாமல் இழுத்தாள்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல். முதல் அட்டவணை அண்ணனுக்கு. இரண்டாம் அட்டவணை தம்பிக்கு. கடைசிப் பக்கத்தில் மூன்றாம் அட்டவணை: நடு அறை, இருபுறத்து ஜன்னல்களின் வெளிச்சமும் காற்றும் சேர்த்து, சகோதரிக்கு, அவள் ஆயுள் உள்ளவரை. வீட்டுக்கு ஒரு நகல் இருந்திருக்கும். மனிதர்கள் பத்திரத்தைத் தங்கள் பங்கு எழுதிய பக்கம்வரை படிக்கிறார்கள். வக்கீல்கள் கட்சிக்காரரின் பங்கு எழுதிய பக்கம்வரை படிக்கிறார்கள்.

"இதை எடுத்துட்டு நீங்களே கோர்ட்டுக்குப் போகலாம்மா."

"போய்? அத்தை உயிரோட இருக்கேன்னு நிக்கச் சொல்றியா? அந்தப் பொண்ணு அழும். இந்தப் பையனுக்கு நெஞ்சு வேற சரியில்ல." அவள் குரல் முதன்முறையாகக் கொஞ்சம் உயர்ந்து, உடனே அடங்கியது. டீச்சர் வீட்டுப் பக்கம் யாரோ நடக்கிற சத்தம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காலடி ஜன்னல்வரை வந்தது. நின்றது. இடைவெளியில் ஒரு கண்ணின் நிழல் வெளிச்சத்தை மறைத்தது. பிறகு விலகிப்போனது.

இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கண்ணைப் பார்த்தபோதுதான், எட்டிப் பார்ப்பது யார், பார்க்கப்படுவது யார் என்பது டேப்பக்காவுக்குத் தலைகீழாகப் புரிந்தது.

"நீ சுவரை மட்டும் வரைஞ்சா ஜன்னல் போயிடும்" என்றாள் முதியவள், வெகு மெல்ல. "ரூமை வரைஞ்சா நான் வெளிய வந்துடுவேன். நீயே பாத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு, என் பேரை எழுதாதே."

அவள் டேப்பைக் கேட்டு வாங்கினாள். அறையின் நீளத்துக்கு முனையைப் பிடித்தாள். விலகாமல், நடுங்காமல், சுவரோடு சுவராக. டேப்பக்கா அளவைப் படித்து எழுதினார். பதினாறடி மூன்று அங்குலம். "ஓட்டையில நீ விட்ட டேப்பைப் பிடிச்சப்ப பயந்துட்டியா?" என்று கேட்டாள் முதியவள்.

"ரொம்ப."

"நானும்தான். முப்பத்தொரு வருஷத்துல இந்த ரூமுக்குள்ள ஒருத்தர் கையை நீட்டினது அன்னிக்கு... இல்ல, இன்னிக்குத்தான்." நாளைக்கூட அவள் தவறவிட்டிருந்தாள். அரைமணி நேரம் முந்தி நடந்தது அவளுக்கு என்றைக்கோ நடந்ததாகத் தோன்றியது.

மறுநாள் பொறியாளர் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது? கோர்ட்டு ஒரு சுவர் கேட்டா நீங்க ஒரு ரூமே கொண்டுவந்திருக்கீங்க?"

"அங்க இருந்தது சார்."

"வசிக்கிறவங்களை எல்லாம் எழுதறது நம்ம வேலையா? 'வெளிச்சம் முப்பத்தொரு வருடமாக இருபுறமிருந்தும்'னு வேற. இது கருத்து. இதுல என் கையெழுத்து வராது. பேசாம ஒன்பது இஞ்ச் சுவர்னு போட்டு முடிங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு வீடு. யாரு உள்ள போய்ப் பாக்கப் போறா?"

"யாரும் போகல சார். அதுதான் பிரச்சினை."

பொறியாளர் தும்மினார். மூன்று முறை. பிறகு, மத்தியானத்துக்கு மேல் தனக்கு வேறு ஆய்வு இருப்பதாகச் சொல்லிவிட்டு, எந்த ஆய்வுக்கும் வெளியே போகாத அவர் போய்விட்டார்.

டேப்பக்கா மேசையில் தனியாக உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தார். இரண்டு வாசலிலும் செங்கல் அடுக்கியிருக்கிறது. டீச்சர் அழுவார். மருந்துக்கடைக்காரர் தன் கடையில் கண் மருந்து வாங்குகிற பாட்டியின் முகத்தைக் கடைசியில் ஒருநாள் நிமிர்ந்து பார்க்க நேரிடும். அந்த நிம்மதியைக் கெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவளும், இருட்டில் தைக்க வராது என்று சொன்னவளும் ஒரே ஆள். இரண்டையும் காப்பாற்றும் கோடு எந்தப் பென்சிலிலும் இல்லை. வேறு யாராவது முடிவு செய்யட்டும் என்று அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முன் அவர் செய்தது இது. வரைபடத்தில் ஒரு சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுவர்களையும், நடுவில் ஆறடி ஏழு அங்குலத்துக்குப் பதினாறடி மூன்று அங்குல அறையையும், இரு ஜன்னல்களிலிருந்தும் அறைக்குள் வரும் வெளிச்சத்துக்கு இரண்டு அம்புக்குறிகளையும், "வசிப்பவர்: ஒருவர்" என்று எழுதியதையும் அழிக்காமல் அப்படியே விட்டு, பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.